கையில் என்ன?

“கையில என்ன ஒளிச்சு வச்சிருக்கே? காட்டு.”

“முடியாது. கண்டுபிடிங்க பார்ப்போம்.”

“மிட்டாயா?”

“இல்லை.”

“போன வாரம் தொலைஞ்ச என் சட்டைப் பொத்தானா?”

தீப்பெட்டி கேட்கப் போனவள் பக்கத்து அறை வாசலிலேயே நின்றுவிட்டாள். முந்தின நாள்தான் அந்தத் தொழிலாளர் குடியிருப்புக்கு வந்திருந்தாள். உள்ளே வெந்நீர்ச் சட்டியை நடுவில் வைத்துக்கொண்டு, அந்த வீட்டு அக்காவின் மூடிய கையை அவள் புருஷன் விரல் விரலாகப் பிரித்துக்கொண்டிருந்தான். அக்காவோ விழுந்து விழுந்து சிரித்தாள்.

எங்கே பார்ப்பதென்று தெரியாமல் இவள் வந்த வழியே திரும்பினாள்.

‘தலை நரைச்சாச்சு. விடிஞ்சும் விடியாததுமா இதுங்களுக்குக் கொஞ்சல் கேக்குது!’

அன்று அவளுக்கு வேலையில் முதல் நாள். பொழுது சாயும்வரை குனிந்து குனிந்து கரும்பு வெட்டினாள். இடுப்பு விட்டுப்போயிற்று. அறைக்கு வந்ததும் அடித்துப் போட்டதுபோல் தூங்கினாள்.

காலையில் கண் விழித்தால், வலது கை திறக்கவில்லை. கத்தி என்னவோ மூலையில்தான் கிடந்தது. விரல்கள் மட்டும் இன்னும் அதன் பிடியைப் பிடித்திருப்பதுபோல் மடங்கிக் கிடந்தன. இழுத்துப் பார்த்தாள். ஒரு விரல்கூட நிமிரவில்லை.

சற்று யோசித்தாள். பிறகு எழுந்து பக்கத்து அறை வாசலுக்குப் போய், வெட்கத்தோடு அந்தக் கையை நீட்டினாள்.

“அக்கா, என் கையில என்ன இருக்குன்னு சொல்லுங்க பார்ப்போம்.”

“வா, வா. உனக்கும் சேர்த்துத்தான் இன்னிக்கு வெந்நீர் வச்சிருக்கேன்” என்றாள் அக்கா.