சூடான மூலை

“தரைக்குச் சூடு குடுக்கிற இடத்துக்குக் கீழால கேஸ் பைப்பும் தண்ணி பைப்பும் கொண்டுபோக ஏலாது. ஒரு பக்கம் சூடில்லாமல் விட்டுத் தாங்கோ,” என்றார் கான்ட்ராக்டர் கஜமுகன்.

அமெரிக்காவின் எடிசனில் மகிழன் வீட்டுச் சமையலறை புதிதாகிக்கொண்டிருந்தது.

“அடுப்புப் பக்கத்து மூலைய விட்டுடலாம்,” என்றான் மகிழன்.

“நோ சான்ஸ்!” என்றாள் மனைவி வெண்பா. “டிசம்பர்ல அந்த மூலை சூடா இருந்தே ஆகணும். பைப்பை பக்கத்து ரூம்ல உன் ஆபீஸ் டெஸ்க்குக்குக் கீழ விடச் சொல்லு.”

டிசம்பரில்தான் மகிழனின் அம்மா கோவையிலிருந்து வருகிறார். மாமியார்மேல் இவ்வளவு அக்கறையா! நெகிழ்ந்துபோய் விட்டுக்கொடுத்தான்.

டிசம்பர் வந்தது. டெஸ்க்கில் வேலை பார்த்த மகிழனுக்கு இரண்டு சாக்ஸ் போட்டும் கால் விறைத்தது. காபிக்கு எழுந்து வந்தால், ஹால் சோபாவில் அம்மா ஸ்வெட்டருக்குள் சுருண்டிருந்தார்.

“ஏம்மா இங்க நடுங்கற? அடுப்பு மூலைல போய் உட்காரு. உனக்காகத்தான் வெண்பா சண்டை போட்டு சூடு வைக்கச் சொன்னா.”

“எனக்கா?” அம்மா சிரித்தார். “அங்க ஏற்கெனவே ஆள் இருக்குது, கண்ணு.”

எட்டிப் பார்த்தான்.

அம்மாவின் சால்வையைப் போர்த்திக்கொண்டு, பாத்திரம் நிறைய ஜம்மென்று பொங்கியிருந்தது இட்லி மாவு.