தவறிய வசனம்

"இன்னும் கொஞ்சம் நெருங்கி நில்லுங்க சார். சொந்த சம்சாரம்தானே, என்ன கூச்சம்?" என்றார் தொப்பி போட்ட டைரக்டர்.

அப்பா அம்மாவின் தோளில் கை போட்டார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். இந்தக் காலத்திலும் இப்படி ஒரு வெட்கமா என்று வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

அது சினிமா பார்க். கோட்டை, கோர்ட், ஜெயில் என்று கொட்டகைக்கு ஒரு செட். இந்தக் கொட்டகையில் அட்டை ரயிலும் இரும்பு பெஞ்சுமாக ஒரு ஸ்டேஷன் போட்டிருந்தார்கள். வருகிற குடும்பங்களையே நடிக்கவைத்து இரண்டு நிமிடப் படம் எடுப்பது அங்கே வழக்கம்.

அங்கே போகலாம் என்று அடம் பிடித்தது மகள்தான். பத்து வயது, வீட்டில் பெயர் வாலு. ராட்டினத்தைக் கண்டாலே அலறுகிறவள், இன்று அதிலேயே அப்பாவை ஒரு பக்கமும் அம்மாவை ஒரு பக்கமும் உட்காரவைத்து மூன்று தடவை சுற்றி வந்தாள். காலையிலிருந்து வாய் ஓயவில்லை, சிரிப்பு நிற்கவில்லை.

அந்தச் சிரிப்பைத்தான் பெற்றவர்களால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

ஏனென்றால் நாளைக்கு அப்பா வீட்டைவிட்டுப் போகிறார். லிஃப்ட் மெக்கானிக்கான அவர், வேலைக்குப் பக்கத்திலேயே ஓர் அறை பார்த்துவிட்டார். வாலுவுக்குத் தெரியக்கூடாதென்று தினம் இரண்டு சட்டையாக டூல்ஸ் பைக்குள் ஒளித்து, பத்து நாளில் தன் துணிமணியெல்லாம் அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தாயிற்று. சண்டையெல்லாம் போன வருடத்தோடு சரி. இப்போது சண்டை போடக்கூட இருவருக்கும் தெம்பில்லை. சேர்த்துவைக்க நடையாய் நடந்த சொந்தக்காரர்களும் கைகழுவிவிட்டார்கள்.

மகளிடம் சொல்வது ஒன்றுதான் பாக்கி. இன்று ஆசை தீர விளையாட விட்டு, கிளம்புவதற்குள் பக்குவமாகச் சொல்லிவிடுவது என்று ஏற்பாடு. மத்தியானம் சாப்பிடும்போது அம்மா சொல்வதாக இருந்தது. வாலு தன் தட்டிலிருந்து எடுத்து இருவருக்கும் மாறி மாறி ஊட்டிவிட்டாள், அம்மாவுக்கு வாயில் இருந்ததை விழுங்கவே பெரும்பாடாகிவிட்டது. தண்ணீர்ச் சறுக்கில் இருந்து இறங்கியதும் அப்பா சொல்வதாக இருந்தது. அவர் தொண்டையைக் கனைத்ததோடு சரி.

டைரக்டர் காட்சியை விளக்கினார். ரொம்ப வருடம் கழித்து அப்பா ரயிலில் வந்து இறங்குகிறார். மகள் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்து அழுகிறாள். வாலு பேச வேண்டிய வசனத்தை அட்டையில் பெரிதாக எழுதிப் பிடித்திருந்தார்கள்: "இனிமே எங்களை விட்டுப் போகாதீங்கப்பா."

அதைப் படித்ததும் அப்பாவுக்கு முகம் செத்துவிட்டது. வேறு காட்சி இல்லையா என்று அம்மா கேட்டுப் பார்த்தாள். அழுகை சீன்தான் மேடம் நிற்கும் என்று சொல்லிவிட்டார் டைரக்டர். அம்மாவின் கண்ணுக்குக் கீழே கிளிசரின் தடவினார்கள். வாலு தனக்கு வேண்டாமென்று நகர்ந்துகொண்டாள்.

காலிப் பெட்டியோடு அப்பா இறங்கினார். வாலு ஓடி வந்து அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது.

"நேரத்துக்குச் சாப்பிடுங்கப்பா," என்றாள். "உடம்பைப் பாத்துக்கோங்க."

"கட்" சொல்லிவிட்டு டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "பாப்பா, அது ஊருக்குப் போறவங்ககிட்ட சொல்றது. இவரு இப்பதான் வந்து இறங்கியிருக்காரு."

ஆனாலும் அழுகை அப்படி அமைந்துவிட்டதால் இன்னொரு தடவை எடுக்க அவருக்கு மனம் வரவில்லை. கட் சொல்லி வெகுநேரம் ஆகியும் வாலு கையை எடுக்கவில்லை. அப்பாதான் ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தார்.

எப்படி நடிக்கிறாள் பார் என்று அவர் அம்மாவிடம் அதிசயப்பட்டார். அம்மாவுக்கு வேறொரு நிம்மதி. நல்லவேளை, அந்த வசனத்தைக் குழந்தை மறந்துவிட்டாள். அதையும் சொல்லியிருந்தால் தன்னால் அங்கே நின்றிருக்க முடியாது என்று நினைத்துக்கொண்டாள். வாசல் கவுண்டரில் கூப்பிடுவார்கள் என்று சொல்லி வாலுவின் கையில் ஒரு டோக்கனைக் கொடுத்தார்கள்.

பார்க் மூடும் நேரம் என்று ஒலிபெருக்கி கத்தியது. வெளிவாசலுக்குப் பத்தடி இருக்கும்போது வாலுவைப் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். இதற்கு மேல் தள்ளிப்போட இடமில்லை. அப்பா குந்தி உட்கார்ந்து, அவளுடைய அவிழாத செருப்பு வாரை அவிழ்த்து மறுபடி மாட்டினார். அப்படியென்றால் முகத்தைப் பார்க்க வேண்டாம்.

"வாலு, அப்பாவும் அம்மாவும் உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்டா."

"நம்ம டோக்கனைக் கூப்பிடறாங்கப்பா," என்று அவள் எழுந்து கவுண்டருக்கு ஓடினாள்.

கவுண்டர் பையன் ஒரு போஸ்டரை விரித்துக் காட்டினான். நடித்தவர்களுக்குப் பார்க் தருகிற அன்பளிப்பாம். மூன்று பேரும் ஆளுயரத்துக்கு, நிஜ சினிமாவுக்கு ஒட்டுவது போலவே இருந்தது. அவன் அதைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு நீட்டினான். வாலு வாங்கிக்கொண்டு, இன்னொன்று வேண்டும் என்றாள்.

"குடும்பத்துக்கு ஒண்ணுதான் பாப்பா. அதான் ரூல்."

பின்னாலேயே வந்துவிட்ட அம்மா, ஒன்றே போதும், வா போகலாம் என்று அவள் தோளைத் தொட்டாள். அப்பாவும் அதையே சொன்னார். வாலு திரும்பிப் பார்க்கவில்லை. எக்கி நின்று, கவுண்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெல்லிய குரலில் சொன்னாள்:

"நாளையிலேர்ந்து நாங்க ரெண்டு குடும்பம், அண்ணா."