மடியில் வைத்த கைகள்

"மூணு மாசம்தான்க்கா. அங்கேயே தங்கிட்டா முழுசா சரியாகிடுவான்னு பயிற்சி மையத்து மேடம் சொல்றாங்க."

லிஃப்ட் மெக்கானிக் மகளின் துணிப்பையோடு மல்லுக்கட்டிக்கொண்டே சொன்னான். ஜிப் பாதி வழியில் நின்று அடம்பிடித்தது. அடுக்குமாடி லிஃப்டையெல்லாம் ஓட வைக்கிறவனுக்கு வீட்டு ஜிப் மசியவில்லை.

எதிரே உட்கார்ந்திருந்த அவன் அக்கா சோபாவைப் பார்த்தாள். அங்கேதான் குருவி இருந்தாள். ஏழு வயது. ஆட்டிசம் என்று டாக்டர் சொல்லி நான்கு வருடமாகிறது. சந்தோஷம் வந்தால் இரண்டு கைகளையும் படபடவென்று அடித்துக்கொள்வாள். அதனால் வந்த பெயர் அது.

"என்னத்தைச் சரியாக்கப் போறே? அவ என்ன நின்னு போன லிஃப்டா?"

"எதுக்கும் ஒரு காரணம் இருக்கும்க்கா. அதைக் கண்டுபிடிச்சா சரி பண்ணிடலாம்."

"காரணம் தேடி நீ போகாத இடமா? முதல்ல தடுப்பூசின்னே. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைன்னு டாக்டர் புட்டுப் புட்டு வெச்சார். அப்புறம் செல்போன் டவர். கடைசியில, வயித்துப் பிள்ளையோட வேலைக்குப் போனான்னு இவ தலையில கட்டினே."

சமையலறை வாசலில் நின்றிருந்த அவன் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

"பிறவியிலேயே அப்படி, யார் மேலயும் தப்பில்லை, பேச்சுப் பயிற்சி கொடுங்க, மத்தபடி அவளை அவளா இருக்க விடுங்கன்னு டாக்டர் சொன்னார். அது மட்டும் உன் காதுல ஏறலை."

"அவளா இருக்க விட்டுட்டு நாங்க போய்ச் சேர்ந்துட்டா? அப்புறம் யாருக்கா பார்ப்பா? ராத்திரி படுத்தா எனக்கு இதே நினைப்புதான்."

அக்காவுக்குத் தம்பியைத் தெரியும். அவன் கெட்டவன் இல்லை. பயந்தவன். பயந்தவனோடு வாதாடுவது பெரும்பாடு.

"நீயே பாரு," என்று அவன் மகளைக் காட்டினான். "பகல்ல மட்டும் மையத்துக்குப் போயிட்டு வந்ததுக்கே எவ்வளவு மாற்றம். கையை அடிக்கிறாளா? ஓடறாளா? எப்படி உட்கார்ந்திருக்கா பாரு."

உண்மைதான். மடியில் ஒரு கைமேல் ஒரு கை வைத்து, வகுப்பறைப் புகைப்படத்துக்கு உட்கார்ந்த மாதிரி இருந்தாள் குருவி.

"அதை விடு. தினமும் சாயங்காலம் அவளைக் கூட்டிட்டு வர வண்டியில போவேன்ல, மையத்துக் கதவைத் திறந்ததும் என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறாக்கா. இத்தனை வருஷத்துல அவ என்னை நிமிர்ந்து பார்த்ததே இல்லை." அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"பேச்சு?"

"அதுதான் இன்னும் வரல அண்ணி," என்றாள் மனைவி. "முன்னாடி பேசினதும் நின்னு போச்சு."

முன்பு குருவி பேசியது தன் பேச்சு இல்லை. காதில் விழுந்ததை அதே குரலில், அதே இழுப்போடு திருப்பிச் சொல்வாள். 'கதவுகள் மூடப்படுகின்றன' என்று லிஃப்டுக்குள் இருக்கும் பெண்ணின் குரலில் சொல்லி, வாசலில் நின்றவர்களைத் திடுக்கிட வைப்பாள். ஒருமுறை, வந்த விருந்தாளி எழுந்திருக்கிற வழியாக இல்லை. சமையலறையில் அம்மா முணுமுணுத்தது கூடத்தில் அம்மா குரலிலேயே கேட்டது. 'இது எப்பதான் கிளம்புமோ?' விருந்தாளி பாதிக் காபியோடு கிளம்பிப் போனார். அன்றிலிருந்து அந்த வீட்டில் ரகசியம் பேச எல்லோருக்கும் உதறல்.

"அந்தக் கிளிப்பேச்சு நின்னதும் நல்லதுக்குத்தான்," என்றான் அவன். "குப்பையை அள்ளிட்டு அந்த இடத்துல சொந்தப் பேச்சைக் கொண்டு வரணும்னு மேடம் சொன்னாங்க. இப்ப மையத்து வேன் வந்துடும், வழியனுப்ப வந்தவ சிரிச்ச முகமா அனுப்பு."

"எனக்கு மனசு ஒப்பலை தம்பி. அவ்வளவுதான் சொல்வேன்."

"ஒருதடவை என்னைப் பார்த்து அம்மான்னு கூப்பிட்டாப் போதும் அண்ணி," என்றாள் மனைவி மெதுவாக. "அதுக்காகத்தான் நானும் சரின்னேன்."

ஜிப்பைக் கைவிட்டுவிட்டு அவன் அலமாரியிலிருந்து ஒரு துணி நாடாவை எடுத்து வந்தான். பையைச் சுற்றி இழுத்து முடிச்சுப் போட்டான்.

குருவி எழுந்தாள். நேராக அவன் முன்னால் வந்து நின்றாள். இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினாள்.

அவனுக்குக் கை கால் ஓடவில்லை. "பார்த்தியாக்கா? தானா வந்து கை நீட்டறா. எதையோ கேக்கறா." மனைவி ஓடி வந்தாள். அவன் மண்டியிட்டு மகளின் முகத்துக்கு நேரே குனிந்தான். "என்ன வேணும் கண்ணு? அப்பாகிட்ட சொல்லு."

குருவி வாய் திறந்தாள். வந்தது பதவிசான, கனிவான ஒரு பெண் குரல். மையத்து மேடத்தின் குரல்.

"மறுபடியும் கையை ஆட்டறியா? நாடாவை எடுத்துட்டு வா. இந்தத் தடவை இறுக்கிக் கட்டு."

அவன் கையில் நாடாவின் நுனி அப்படியே இருந்தது. வாசலில் வேன் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. குருவியின் குரலில் அவசரம் கூடியது.

"அவ அப்பா வண்டி வந்தாச்சு, சீக்கிரம் அவுத்து விடு. கையை மடியில வை. சிரி பாப்பா, சிரி."

சொல்லிவிட்டு சோபாவுக்குப் போய் உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.