ரேடியோ இல்லாத ஓட்டல்

1974இல் எளாவூர் ஓட்டலுக்குப் பாடலாசிரியர் சங்கத்து ஆய்வாளர் வந்தார். கடைகளில் ஒலிக்கும் பாடல்களுக்குக் கட்டணம் வசூலித்து, எழுதியவர்களிடம் சேர்ப்பது அவர் வேலை.

"எங்கிட்ட ரேடியோவே இல்ல சார்," என்றான் முதலாளி செங்கல்வராயன்.

"நாஷ்டா சாப்டுக்கினே கேட்டேன். ஒரே பாட்டு." ஆய்வாளர் குறித்துவைத்த முதல் வரியைப் படித்துக் காட்டினார்.

"அது எம்பேர்ல பதிஞ்ச பாட்டு. எனக்கு நானே டப்பு கட்டணுமா?"

உண்மையில் அதை எழுதியவன் முனிகிருஷ்ணன். பாட்டு நோட்டைத் தர மறுத்தவனைப் போன வருடம் குழவிக்கல்லால் பதினோரு முறை அடித்துக் கொன்று, அடுப்புக்குக் கீழே புதைத்திருந்தான் செங்கல்வராயன்.

"பாடறது யாரு? அடுப்பாண்டேருந்து வருதே," என்றார் ஆய்வாளர்.

செங்கல்வராயனுக்கு எதுவும் கேட்கவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்த லாரிக்காரர்கள் மேசையில் தாளம் போட்டார்கள். பதினோரு தட்டு, ஒரு நிறுத்தம். மறுபடியும் பதினோரு தட்டு.