ஆட்டம் முடிந்ததும் அம்மாவுக்கு ஒரு போன்

என்னுடைய இருபத்து மூன்றாவது பிறந்தநாளன்று வீடியோ கேம் அணியிலிருந்து என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். மணிக்கட்டு போய்விட்டது, விரல்கள் முப்பது மில்லி செகண்ட் பிந்துகின்றன என்றார்கள். அவர்களுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. ஐந்து வருடமாக நான் ஆடியதையெல்லாம் கம்ப்யூட்டருக்கு ஊட்டி, என்னைப் போலவே ஆடும் நகல் ஒன்றைத் தயாராக வைத்திருந்தார்கள். அதற்கு என் பெயர், என் குரல், என் பதினெட்டு வயது முகம். சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட மடையன் நான்தான்.

ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் அம்மாவிடம் பேசுவது என் வழக்கம். பேசாமல் விட்டபோதெல்லாம் அடுத்த ஆட்டத்தில் நான் தோற்றிருக்கிறேன். நகல் அதையும் கண்டுபிடித்துவிட்டது. அதனால் அதுவும் தவறாமல் போன் செய்கிறது.

நேற்று மத்தியானம் தூத்துக்குடி வீட்டில் சாப்பிட உட்கார்ந்தேன். வலது கையால் சோற்றைப் பிசைய முடியவில்லை. அம்மா குழம்பு ஊற்ற வந்தபோது போன் அடித்தது.

“ஜெயிச்சிட்டேம்மா!” என்றது என் குரல்.

“சாப்பிட்டியா ராசா? கை வலிக்கா?” அம்மா சிரித்துக்கொண்டே குழம்புக் கரண்டியோடு அடுப்படிக்குள் போய்விட்டாள். வீட்டுக்கு வந்த நான்கு மாதத்தில் அவளை நான் இப்படிச் சிரிக்க வைத்ததில்லை.

“எம்மா, அது நான் இல்ல!” என்று கத்தினேன்.

அவள் போனைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

“எனக்குத் தெரியும். நீ செத்த நேரம் சத்தம் போடாம இரு. பிள்ளைக்கு நாளைக்கு ஆட்டம் இருக்கு.”