ராஜரிஷியின் நெருப்பு மழை

"ஆல்ட்டு, ஷிஃப்ட்டு, எஃப்பு. மூணையும் சேத்துத்தானய்யா அமுக்கறேன். நெருப்பு மழை பெய்யணுமா இல்லையா?"

மேனேஜர் சேதுபதி கீபோர்டை முறைத்தார். அந்த முறைப்புக்குச் சவுதியின் அல் கோபார் ஆபீஸ் முழுவதும் நடுங்கும். கீபோர்டு நடுங்கவில்லை.

லீவு கேட்க வந்த அருள்முருகன் எதிரே ஆறடி உயரத்துக்கு நின்றான். ஆபீஸ் கம்ப்யூட்டர்களை எல்லாம் பார்த்துக்கொள்பவன் அவன்தான். அதனால் மேனேஜர் கதவைச் சாத்திவிட்டுத் திரையை அவன் பக்கம் திருப்பியிருந்தார். இணைய விளையாட்டு. வெள்ளைத் தாடி மந்திரவாதி ஒருவர் தடியோடு நின்றார். தலைக்கு மேல் 'ராஜரிஷி' என்று பெயர்.

பெயரைப் படித்ததும் அருள்முருகனுக்கு இருமல் வந்தது.

"என்னய்யா?"

"ஏசி காத்து சார்."

"வெளிய மூச்சு விட்டே, உன் எக்ஸிட் ரீ-என்ட்ரிய மறந்துடு. விஷயம் இதுதான். புதன்கிழமை சாயங்காலமானா ஒரு கோடாலிக் குள்ளன் வர்றான். நான் மந்திரம் போடறதுக்குள்ள மண்டையப் பொளந்துட்டுப் போயிடறான். ஒரு வாரம் தப்பறதில்ல. வீக்கெண்டே நாசம்."

வியாழன், வெள்ளி விடுமுறை முடிந்து சனிக்கிழமை ஆபீஸ் திறந்ததும் லீவு விண்ணப்பங்கள் ஏன் குப்பைக்கூடைக்குப் போகின்றன என்பது அருள்முருகனுக்கு அப்போதுதான் விளங்கியது. ஊழியர்கள் மேனேஜரின் ஜாதகம் வரை அலசியிருந்தார்கள். அவனுடைய விண்ணப்பமே இரண்டு முறை போயாயிற்று. மேனேஜர் கையெழுத்துப் போட்டால்தான் எக்ஸிட் ரீ-என்ட்ரி எனும், ஊருக்குப் போய்த் திரும்பும் விசா. விசா இருந்தால்தான் ஊர். அடுத்த வெள்ளிக்கிழமை சாத்தூரில் அவனுக்கு நிச்சயதார்த்தம். "உங்க போட்டோவ நாற்காலியில வச்சு நடத்திரலாமா?" என்று மணப்பெண் கனகா போனில் கேட்டுவிட்டாள்.

"சார், இன்னிக்குப் புதன்தானே, சாயங்காலம் குள்ளன் செத்துட்டா?"

"சனிக்கிழமை மொதக் கையெழுத்து உனக்கு. சாகலைன்னா நிச்சயத்த போன்லயே முடிச்சுக்க."

"செத்தான்னு வச்சுக்கங்க," என்றான் அருள்முருகன்.

கோளாறு சீக்கிரமே அகப்பட்டது. "ஆல்ட்டும் ஷிஃப்ட்டும் சேந்தா இந்த ஊர்க் கம்ப்யூட்டர் அரபிக்குத் தாவிடும் சார். அப்புறம் நீங்க எஃப் அமுக்கினாலும் அரபி எழுத்துதான் போகும். மந்திரத்துக்கு அரபி தெரியாது. மாத்திட்டேன். இனிமே கண்ட்ரோலும் எஃப்பும் போதும்."

சேதுபதி அமுக்கினார். திரையில் நெருப்பு மழை கொட்டியது. சும்மா நின்றிருந்த ஒரு மரம் சாம்பலானது.

"மாஷா அல்லா," என்றார் ராமநாதபுரத்துச் சேதுபதி. "வீட்டு லேப்டாப்லயும் இப்படியே மாத்திக் குடு. அந்தக் குள்ளப்பய எந்தப் பக்கமா வருவான்னுதான் தெரியல."

"பாலத்துக்கிட்ட நில்லுங்க சார். அங்கதான் வருவான்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"குள்ளனுங்க புத்தி தெரியும் சார்."

"நெட்டப்பயலுக்கு என்னய்யா குள்ளனுங்க புத்தி தெரியும்?" என்று சேதுபதி சிரித்தார். அவர் சிரித்ததை ஆபீஸில் யாரும் நம்பவில்லை.

அன்று சாயங்காலம் ரூமில் அருள்முருகன் சாயா குடித்துக்கொண்டிருந்தபோது செல்போன் அலறியது.

"அருளு, பாலத்துல நிக்கறேன். அவனும் வந்துட்டான். பழக்கதோஷத்துல பழையபடி ஆல்ட்டு ஷிஃப்ட்ட அமுக்கித் தொலைச்சுட்டேன்யா. எல்லாம் அரபியா ஓடுது. வெட்டப்போறான்யா."

"பதறாதீங்க சார். அதே ரெண்டையும் இன்னொரு தடவ அமுக்குங்க, சரியாயிடும். அப்புறம் கண்ட்ரோல், எஃப். மெதுவாவே அமுக்குங்க, அவன் வெட்ட மாட்டான்," என்று சொன்ன அருள்முருகன், டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, தன் கம்ப்யூட்டர் திரையில் கோடாலியோடு நின்ற குள்ளனை ராஜரிஷிக்கு வாகாக இன்னும் இரண்டடி முன்னால் நகர்த்தி வைத்தான்.