பேச்சும் நன்கொடையா?

"ஊருக்கு வந்து எட்டு மாசம் ஆகலை. அதுக்குள்ள நமக்கே சட்டம் சொல்ல வந்துட்டா!"

நூலக அரங்கின் பின்வரிசையிலிருந்து யாரோ காதில் விழட்டும் என்றே சொன்னார்கள். முன்வரிசையில் இருந்த வெர்னா டாலஃப்சன் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்கு இரண்டு பக்கமும் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன.

மில்ஃபோர்க் என்ற அந்தச் சிற்றூரில் இருப்பது ஒரே ஒரு ஆம்புலன்ஸ். அதையும் மாவட்ட நிர்வாகம் நிறுத்தப் போகிறது. வீட்டு வரியைக் கொஞ்சம் கூட்ட ஜனங்கள் சம்மதித்தால் வண்டி தங்கும். நவம்பரில் அதற்கு ஓட்டெடுப்பு.

'சம்மதம்னு போடுங்க' என்று தினமும் காலையில் உள்ளூர் ரேடியோவில் தொண்டை கிழியப் பேசிக்கொண்டிருந்தார் டெக்ஸ்டர் லுண்ட். அவர் மேல்தான் வெர்னாவின் புகார். அவர் பேசுவது கருத்து இல்லை, பிரசாரம். பேசும் ஒவ்வொரு நிமிஷத்தையும் அந்தப் பிரசாரத்துக்குக் கொடுத்த நன்கொடையாகக் காட்ட வேண்டும் என்று எழுதியிருந்தாள்.

விசாரிக்க வந்த தேர்தல் அதிகாரி பாலெட் ரெய்ஸ் கேட்டார்: "மிஸ்டர் லுண்ட், இதே நேரத்தை ஒரு கடைக்காரர் விளம்பரத்துக்குக் கேட்டா சும்மா குடுப்பீங்களா?"

"மாட்டோம் மேடம்."

"இந்தப் பிரசாரத்துக்கு மட்டும் சும்மா குடுக்கறீங்களே?"

"நான் எதையும் குடுக்கலை. மனசுல பட்டதைப் பேசறேன். பத்திரிகையில தலையங்கம் எழுதறவனுக்கும் ரசீது போடுவீங்களா?"

அரங்கம் கைதட்டியது.

"சரி, ஒரு நாள் நிகழ்ச்சியைக் கேட்டுடலாம்" என்றார் பாலெட்.

வழக்கம்போல ஒரு தொலைபேசிப் பதிவோடுதான் நிகழ்ச்சி தொடங்கியது. அவசர உதவிக்கு யாரோ ஒரு பெண் பேசியது. பெயரும் ஊரும் நீக்கப்பட்டிருந்தன.

"அவருக்கு மூச்சு இழுக்குதுங்க... எங்க வந்துட்டிருக்காங்க? ஐயோ, கையெல்லாம் ஜில்லுனு ஆகுது..."

"வந்துட்டிருக்காங்கம்மா. அழாதீங்க. அவர் நெஞ்சை அமுக்கிக்கிட்டே இருங்க."

பிறகு வெறும் அழுகை. வார்த்தையே இல்லாத அழுகை.

அடுத்து டெக்ஸ்டரின் குரல்: "நாற்பத்து மூணு நிமிஷம்! அந்தம்மா காத்திருந்தது நாற்பத்து மூணு நிமிஷம். நாளைக்கு இது உங்க வீடா இருக்கலாம்."

அரங்கில் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மரக்கடை ஹார்லன் மூக்கைச் சிந்தினார். வெர்னா மட்டும் கண் கலங்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கல்லு மனசு" என்று கிசுகிசுத்தாள் ஒருத்தி.

"மிஸஸ் டாலஃப்சன், நீங்க ஏதாவது சொல்லணுமா?"

"எழுதிக் குடுத்ததுதான் மேடம். வேற ஒண்ணும் இல்லை."

அரை மணி நேரத்தில் முடிவு வந்தது. கருத்து கருத்துதான், நன்கொடை ஆகாது. புகார் தள்ளுபடி. ஜனங்கள் டெக்ஸ்டரைத் தூக்காத குறையாகக் கொண்டாடினார்கள்.

வாசலில் காரைத் திறந்துகொண்டிருந்த வெர்னாவிடம் டெக்ஸ்டர் வேகமாக வந்தார்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போங்க. அந்த ஆம்புலன்ஸ் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணிச்சு?"

"நான் சம்மதம்னு ஓட்டுப் போட்டு நேத்தே தபால்ல அனுப்பிட்டேன்."

டெக்ஸ்டருக்குப் புரியவில்லை. "அப்புறம் எதுக்கு இந்தப் புகார்?"

"நிமிஷத்துக்கு நிமிஷம் கணக்கு காட்டணும்னா நிகழ்ச்சியைச் சுருக்குவீங்க. முதல்ல அந்த போன் பதிவை வெட்டுவீங்கன்னு நினைச்சேன்."

"அதையா? அதைக் கேட்டுத்தானே ஜனங்க மனசு மாறுது!"

"தெரியும். அதனாலதான் நேரா வந்து நிறுத்துங்கன்னு கேக்க வாய் வரலை." அவள் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டாள். "மளிகைக் கடையில ஓடுது. லாண்டரியில ஓடுது. பல் டாக்டர்கிட்ட போனா அங்கேயும் ஓடுது. தினமும் காலையில அவர் திரும்பத் திரும்பச் சாகறாரு, டெக்ஸ்டர்."



"அது... நீங்களா?"

"அப்ப மலைமேல ஒரு பண்ணையில இருந்தோம், பக்கத்துல ஆம்புலன்ஸே இல்லாத இடம். நானும் என் வீட்டுக்காரர் ஆரினும். அவர் போனப்புறம் அந்த வீட்டுல இருக்க முடியாமதான் இங்க வந்தேன்."

"பேரை எடுத்துட்டுத்தான் எங்களுக்குக் குடுத்தாங்க. சத்தியமா எனக்குத் தெரியாது. உள்ளே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? ஊரே உங்களை..."

"சொன்னா என்ன ஆகும்? செத்தவனோட பொண்டாட்டியைக் கேக்காமலே அவ அழுகையை வெச்சு ஓட்டு கேக்கறான்னு, வரி வேணாங்கறவங்க உங்களைக் கிழிச்சிருப்பாங்க. வண்டி போயிருக்கும். இன்னொருத்தி அப்படிக் காத்திருக்க வேணாம்." அவள் காரில் ஏறிக்கொண்டாள். "நீங்களும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

மறுநாள் நிகழ்ச்சியில் அந்தப் பதிவு இல்லை. ஏன் நிறுத்தினார் என்று கேட்டவர்களுக்கு டெக்ஸ்டர் பதில் சொல்லவில்லை. கேஸ் போட்டு அவரைப் பயமுறுத்தி வைத்தது வெர்னாதான் என்று ஊர் அதற்கும் அவளையே ஏசியது. யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அவள் கேட்டிருந்ததால் டெக்ஸ்டர் வாயைத் திறக்க முடியவில்லை.

முப்பத்தொரு ஓட்டு வித்தியாசத்தில் ஆம்புலன்ஸ் தங்கியது.

அதைக் கொண்டாட வைத்த விருந்துக்கு, மில்ஃபோர்க்கில் ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் அழைப்பு போகவில்லை.